எட்டரை அடி கிழக்கே

மார்ச் 2

தம்பிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அவசரமாகப் பிரித்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆறு வருஷம் கழித்து எழுதுகிறாளே, கோபம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொள்ளாதே. அது அப்படியேதான் இருக்கிறது. எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். என் ஆட்களில் அது தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன் தீவில் இருக்கிற ஒரே டெலிபோன் ஆபீஸ் அறையில் இருக்கிறது, நாலு பேர் காது கொடுத்துக் கேட்க உன்னோடு பேச எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம்.

நம் சந்தில் மழைத்தண்ணீர் போகக் கால்வாய் வெட்டப்போகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்கள் நாங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கால்வாயும் அதை ஒட்டிய நடைபாதையுமாகப் பதினேழரை அடி அகலமாம். சந்தே பத்தடிதான். மீதியை ஒரு பக்கத்து வீடுகள் கொடுத்தாக வேண்டும். போன வாரம் அளக்கிற ஆட்கள் வந்து சிவப்புப் பெயின்டில் இரண்டு கோடு இழுத்தார்கள். மேற்குக் கோடு என் புத்தக பைண்டிங் அறைச் சுவருக்கு அரையடி வெளியே போகிறது. கிழக்குக் கோடு எதிர்வீட்டுப் பூட்டுக்காரரின் கடைக்குள் எட்டடி நுழைந்து, அவர் சாவி வெட்டுகிற மேஜையில் விழுந்திருக்கிறது. கடை என்றால் அவர் வீட்டு முன்னறைதான். அது போனால் அவருக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு பெண்களுக்கும் மிஞ்சுவது ஒரு சமையலறையும் ஒரு படுக்கிற அறையும்.

நேற்று வந்து என் எதிரே உட்கார்ந்துகொண்டார். "அம்மா, மேற்குப் பக்கம் பாதி காலி மனை. வீடெல்லாம் கிழக்குப் பக்கம். எந்தப் புத்திசாலியாவது இந்தப் பக்கத்தை இடிப்பானா? கேட்டா, வானத்துலேருந்து அளக்கறோம், தப்பே வராதுங்கறாங்க. உங்க தம்பி அந்த வேலையிலதானே இருக்கார்? மெஷினுக்குத் தப்பு வருமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆட்சேபணை சொல்ல ஏப்ரல் 25 வரை நேரம் இருக்கிறது.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ பாட்டுக்கு ஆகாசத்தில் ஏறிக்கொண்டு பேசாதே.

அக்கா

மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்காமல் ஒரு பகல் முழுக்க மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவரை நீயே ஒட்டியிருக்கிறாய். கடையில் வாங்கின கவருக்கு அவ்வளவு நேரான மடிப்பு வராது.

இங்கே மூன்று நாளாகப் பனிமூட்டம். ஏழு ஆன்டெனாக்களும் வெள்ளைக் கூண்டுகளுக்குள் இருக்கின்றன. மூட்டத்தில் கூண்டு எது, மேகம் எது என்று தெரியவில்லை. நாங்கள் நாலு பேர் கையை நீட்டித் தடவிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். உள்ளே போய்க் காதில் கருவியை மாட்டினால் மட்டும் வானம் பளிச்சென்று இருக்கிறது. மூட்டமெல்லாம் நம் கண்ணுக்குத்தான்.

தப்பு வருமா என்று கேட்டிருக்கிறாய். வானத்தில் வராது, தரையில் வரும். விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் அந்தச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. நம்மை அவை பார்ப்பதுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஓயாமல் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இன்னது. அவ்வளவுதான். அதன் கடிகாரம் கொஞ்சம் தள்ளாடும், பாதை இம்மி விலகும். எவ்வளவு தள்ளாடியது என்று கேட்டுக் குறித்து அதற்கே திருப்பிச் சொல்வதுதான் இந்தத் தீவில் எங்கள் பிழைப்பு. கடைசியாகத் தரையில் இருக்கிற கருவி. அது குறைந்தது நாலு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்க வேண்டும். குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று கணக்குப் போடும். இடத்தைச் சொல்ல மூன்று போதும். நாலாவது எதற்கு என்றால், தரையில் இருக்கிற கருவியின் கடிகாரம் மட்டமானது, அதைத் திருத்துவதற்கு.

இப்படித் தனியாக ஒரு கருவி அளந்தால் சில மீட்டர் பிசகும். வரும் வழியில் காற்று அந்தக் குரலைத் தாமதப்படுத்திவிடுகிறது. அதனால் நிலம் அளக்கிறவர்கள் இரண்டு கருவி கொண்டுவருவார்கள். ஒன்று, இடம் ஏற்கெனவே தெரிந்த ஒரு புள்ளியின் மேல் அசையாமல் நிற்கும். அதைப் பேஸ் என்பார்கள். தன் இடம் தனக்குத் தெரியும் என்பதால், இந்த நொடியில் வானம் எவ்வளவு பிசகிச் சொல்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அதை ரேடியோவில் மற்றதற்குச் சொல்லும். மற்றது ரோவர், கம்பின் தலையில் உட்கார்ந்து ஊரெல்லாம் நடக்கிறவன். அவன் அந்தப் பிசகைக் கழித்துக்கொள்வான். பிறகு இரண்டு சென்டிமீட்டருக்குள் சரியாக வரும்.

ஆகவே நீ பார்க்க வேண்டியது நடக்கிறவனை அல்ல, நிற்கிறவனை. முக்காலி எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுது.

நீ எழுதினது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் திட்டுவாய், அதனால் சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

சொல்லவில்லை என்று சொல்லியே சொல்லிவிடுகிற பழக்கம் உன்னை விட்டுப் போகவில்லை.

பார்த்தேன். உன் நிற்கிறவனுக்கு மஞ்சள் முக்காலி, தலையில் வெள்ளைக் குடைக்காளான். காலடியில் பேட்டரிப் பெட்டி, பக்கத்தில் ரேடியோவுக்கு ஒரு ஒல்லிக் கம்பம். வெயிலுக்கு என் குடையைக் கேட்டு வாங்கிப் பேட்டரிக்குப் பிடித்திருக்கிறார்கள், மனுஷர்களுக்கு இல்லை. நடக்கிறவனைத் தூக்கிக்கொண்டு போவது ஒரு சர்வேயர் பெண். முப்பது வயதிருக்கும், மெல்லிய குரல், காரியத்தில் கெட்டி. கம்பில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது. குமிழ் நடுவில் வரும்வரை மூச்சுக்கூட விடமாட்டேன் என்கிறாள். கையில் செல்போனைவிடப் பெரிய ஒரு கருவி. அதில்தான் எண்களெல்லாம் ஓடுகின்றன. அதன் ஓரத்தில் ஒரு சொல் பச்சையாக மாறியதும், "ஃபிக்ஸ் ஆயிடுச்சு" என்று சிரிக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி மிதந்துக்கிட்டிருக்கும்மா. இங்கயா அங்கயான்னு அதுக்கே தெரியாது. அப்ப நாம குறிக்கக் கூடாது" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வேலையில் ஏமாற்றுகிறவளாகத் தெரியவில்லை. பூட்டுக்காரர்தான் அவள் நிழலைக் கண்டாலே ஷட்டரை இறக்கிவிடுகிறார்.

முக்காலி எங்கே நிற்கிறது என்று கேட்டாயே. நம் முற்றத்தில்தான். நீ பதித்த சர்வேக் கல்லின் மேல். நகரத்துப் பழைய ஏட்டில் அதன் எண்ணைப் பார்த்துத் தேடிக்கொண்டு வந்தார்களாம். பித்தளை வட்டைத் துடைத்து, எண்ணை வாய்விட்டுப் படித்து, அதன் நடுப்புள்ளிக்கு நேரே முக்காலியை நிறுத்துகிறாள். போதுமா? அந்த நிற்கிறவன் தப்பாக நின்றால் என்ன ஆகும்? பூட்டுக்காரர் கேட்கச் சொன்னார்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

என் கல்லா! சுத்தமாக மறந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தேன். நான் சர்வேயில் சேர்ந்து முதல்முதலாகப் பதித்த கல் அது. மூன்று நாள் அதன் மேல் கருவியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருந்தேன். "என்னடா, முட்டை பொரிக்குதா?" என்று நீ கேட்டாய். அப்பா தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது காலை நீட்டி அந்தப் பித்தளையை ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் கிளம்புவார். "ஊரெல்லாம் இங்கிருந்துதான்டா ஆரம்பம்" என்று தபால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

பூட்டுக்காரர் கேட்டது நல்ல கேள்வி. நிற்கிறவனுடைய இடத்தை யாரும் அளப்பதில்லை. ஏட்டில் இருக்கிற எண்ணைக் கையால் அடித்துக் கருவிக்குச் சொல்கிறார்கள், அது நம்பிவிடுகிறது. இந்த ஏற்பாடு முழுவதிலும் கேள்வி கேட்காமல் நம்புகிற இடம் அது ஒன்றுதான். அது பிசகினால் எல்லாம் சேர்ந்து பிசகும். சந்தின் அகலம் சரியாக வரும், வீட்டுக்கு வீடு தூரம் சரியாக வரும், அந்தப் பச்சைச் சொல்லும் வரும். ஊரே அலுங்காமல் குலுங்காமல் ஒரு பக்கம் தள்ளிப் போயிருக்கும், உள்ளே இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அந்தக் கல்லை யாராவது பெயர்த்து நாலடி தள்ளி வைத்தால், தரையில் போடுகிற கோடும் அதே பக்கம் நாலடி தள்ளி விழும். ஆனால் மூன்றடி ஆழம் கான்கிரீட், அதை யார் பெயர்க்கப்போகிறார்கள்?

ஆகவே கோடு சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பூட்டுக்காரரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. எதற்கும் இன்னொரு பழைய கல்லில் போய் ஒத்துப் பார்த்தார்களா என்று அந்தப் பெண்ணைக் கேள். அது வழக்கம்.

நேற்று மூட்டம் விலகியது. பகல் முழுக்க நீலமாக இருந்தது, எனக்கு நீ முற்றத்தில் குடையோடு நிற்கிறாய் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. அந்தக் கல்லுக்கு நேர் மேலே போகிற ஒரு செயற்கைக்கோளின் குரலைக் கேட்டேன். அதற்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

அவளைக் கேட்டேன். இன்னொரு கல் பஸ் நிலையத்தின் புதுத் தளத்துக்கு அடியில் போய்விட்டதாம். மற்றது தண்ணீர்த் தொட்டி மேட்டில், ரேடியோ எட்டாத தூரம் என்று விட்டுவிட்டார்களாம்.

பூட்டுக்காரரிடம் கோடு சரிதான் என்று சொல்லிவிட்டேன். "ஓ" என்றார். அரத்தை எடுத்து ஒரு சாவியைத் தேய்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். சாவியில் தேய்க்க ஒன்றும் மிச்சமிருந்த மாதிரி தெரியவில்லை.

எனக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. ஒன்றுமில்லை, தூக்கம்தான். படுத்தால் ஒரே கனவு. நம் சந்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சந்து. அதே வீடுகள், அதே கதவுகள், எல்லாம் கொஞ்சம் தள்ளி. நான் அங்கே நடந்து போகிறேன், என் அறைக்குள் கை வைக்கிறேன், சுவர் இருக்கவேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. அப்பா உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் புத்தகம் தைத்துக்கொண்டிருக்கிறார், நிமிரவில்லை.

வேலை நிறைய இருக்கிறது. நூலகத்திலிருந்து அறுபது புத்தகம் வந்து கிடக்கிறது, பசை காய மாட்டேன் என்கிறது. முக்காலி இன்னும் குழாயடியை அடைத்துக்கொண்டு நிற்பதால் வாளி வைக்க இடமில்லை, பாதித் தண்ணீர் அதன் காலுக்குத்தான் போகிறது.

இந்த விஷயத்தைப் பற்றி இனி எழுத வேண்டாம். இருபத்தைந்தாம் தேதி தாண்டினால் தானாக முடிந்துவிடும்.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

குழாயடி என்று எழுதியிருக்கிறாய்.

நாலு தடவை படித்தேன். நம் குழாய் கேட்டுக்குப் பக்கத்தில். தெருவிலிருந்து வருகிற இரும்புக் குழாய், அதை யாரும் நகர்த்தியிருக்க முடியாது. என் கல் வாசற்படிக்கு நேரே, ஐந்தடியில். குழாய் பதின்மூன்றரை அடியில். அந்த முற்றத்தை நான் அளந்த அளவுக்கு உலகத்தில் வேறெந்த இடத்தையும் அளந்ததில்லை.

அக்கா, கல்லை நகர்த்தினாயா?

கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. எட்டரை அடி கிழக்கே. கோட்டை எட்டரை அடி மேற்கே திருப்பி வைத்தால் பூட்டுக்காரரின் கடைக்கு அரையடி வெளியே போகிறது. அவர் சொன்னதுதான் சரி, திட்டம் போட்டவன் காலி மனைப் பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறான். மேற்கே அது உன் பைண்டிங் அறைக்குள் எட்டடி வருகிறது. அந்த அறையின் ஆழமே பதினோரடி. ஜன்னல், தையல் மேஜை, பிரஸ் எல்லாம் போய்விடும். அலமாரி நிற்கிற மூன்றடி மிஞ்சும்.

உனக்கு இது முன்னாலேயே தெரிந்துவிட்டது, இல்லையா? போன கடிதத்தில் நான்தான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நான் நகர சர்வே ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதவேண்டியது என் வேலை. அது இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பவில்லை. அனுப்பினால் நீ என்னை மறுபடி ஆறு வருஷம் பார்க்கமாட்டாய். அனுப்பாவிட்டால் அந்தச் சாவி தேய்க்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்லை நகர்த்துவது குற்றம் என்று அந்த வட்டிலேயே பொறித்திருக்கிறது, அதுவும் எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சொல்.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஆமாம். நகர்த்தினேன்.

அப்பாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வாசற்படி தாண்டினபோது முன்னால் பிடித்திருந்த சித்தப்பா உன் கல்லில் தடுக்கினார். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்பா உருண்டுவிடுவார் என்று நினைத்துக் கத்திவிட்டேன். செத்துப்போனவரைப் பிடி பிடி என்று கத்தினேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீ பிடித்திருக்கவேண்டிய மூலை அது. நீ இல்லை, உன் கல் இருந்தது.

அடுத்த வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரு பகல் முழுக்கத் தோண்டி, அடிப்பாகத்தை உடைத்து, தலைப்பாகத்தை வெளியே எடுத்தார். "லாரியில போட்டுடட்டுமா?" என்று கேட்டார். போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணாங்க, அது எங்க தம்பியோடது" என்று வந்துவிட்டது. கேட்டோரம் குழி வெட்டிப் புதுக் கான்கிரீட் போட்டு வைத்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எண் தெருவைப் பார்க்கும்படி, முன்பு இருந்த மாதிரியே திருப்பி வைத்தேன். அவ்வளவு பதவிசாக வைக்காமல் கோணல் மாணலாக நட்டிருந்தால் அந்தப் பெண் கண்டுபிடித்திருப்பாள். சுத்தமாக வேலை செய்கிற புத்திதான் என்னைக் கெடுத்தது.

அது வெறும் கல் என்று நினைத்தேன். ஊரே அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லியிருப்பாய், நான் கேட்டிருக்கமாட்டேன்.

இந்த அறை தவிர எனக்கு என்ன இருக்கிறது? காலை வெளிச்சம் ஊசிக் காதில் விழுகிற அறை இந்தச் சந்திலேயே இது ஒன்றுதான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு இடம் தருவார்கள், எங்கே, எப்போது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. அவர் கடை போனால் எனக்கென்ன என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே அவருடைய சின்னப் பெண் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட வந்து நின்றாள். போட்டுக் கொடுத்தேன்.

உன் கடிதத்தை இழுப்பறையிலேயே வை. எனக்காக நீ எதையும் செய்யவேண்டாம். செய்யவேண்டிய அன்றைக்கு நீ செய்யவில்லை. படகு இல்லை, கடல் சரியில்லை என்று ஒரு வரி எழுதிப்போட்டாய். இத்தனை வருஷம் அதை நம்பினேனா, நம்பவில்லையா என்று எனக்கே தெரியாது.

அக்கா

ஏப்ரல் 23

அக்கா,

படகு வந்தது.

இதை எழுத ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. நீ டெலிபோன் செய்து அப்பாவுக்கு முடியவில்லை என்றாயே, அதற்கு மறுநாள் காலையில் வந்தது. கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. பையைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். படகுக்காரர் கை நீட்டினார். நான் ஏறவில்லை. மறந்துவிட்டேன், ஒரு சாமான் எடுக்க வேண்டும், நீங்கள் போங்கள் என்றேன்.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின மாதம் அப்பா என்னை வரச் சொல்லிக் கேட்டார். "அடுத்த மாசம்ப்பா" என்றேன். அதற்கு முந்தின மாதமும் அதைத்தான் சொன்னேன். வந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. போகாவிட்டால் ஒன்றும் நடக்காது, அவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருப்பார் என்று ஏதோ ஒரு மயக்கம். கரையில் நின்று படகு சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய்க் கருவியை மாட்டிக்கொண்டேன். எல்லாக் குரலும் தெளிவாகக் கேட்டது.

கடல் சரியில்லை என்று உனக்கு எழுதினேன். அதற்குப் பிறகு எழுதினது எல்லாம் அந்த ஒரு வரியை நம்பித்தான் எழுதினேன், ஒன்றும் நேராக வரவில்லை.

நீ சர்வே ஆபீசுக்குப் போனாயா, போகவில்லையா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் இருபத்தைந்து தாண்டியிருக்கும். இழுப்பறையில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். நீ எது செய்திருந்தாலும் உன்னைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

தம்பி

மே 2

தம்பிக்கு,

இருபத்துநாலாம் தேதி காலையில் போனேன். அதற்கு முன்னால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பூட்டுக்காரரிடம் சொன்னேன். கல்லை நான் நகர்த்தினேன், உங்கள் கடை தப்பும், கோடு சரி என்று நான் சொன்னது பொய் என்று நின்ற நிலையிலேயே சொல்லிமுடித்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்கூடவே ஆபீசுக்கு வந்தார்.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். "இந்தக் கல்லை வெச்சு ரெண்டு மாசமா நாலு தெரு அளந்திருக்கோம்மா" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் மேலதிகாரியிடம் அவள் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாளோ. பிறகு ஒரு தாளை எடுத்து, "ஏன் நகர்த்துனீங்க? காரணம் எழுதணும்" என்றாள்.

"எங்கப்பாவைத் தூக்கிட்டுப் போறப்ப தடுக்குச்சு. அன்னிக்கு என் தம்பி வரலை. அவன்மேல இருந்த கோபம்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவள் எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்மேல் நடவடிக்கை ஏதாவது வரலாமாம். வரட்டும்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக் கல்லில் முக்காலியை நிறுத்தி, பெரிய ரேடியோ கொண்டுவந்து மறுபடி அளந்தார்கள். நம் கல்லில் கம்பை வைத்துப் பார்த்தார்கள். எட்டடி ஆறு அங்குலம். உன் கணக்கு சரி. என் அறைக்குள் கருவிக்கு வானம் கேட்காதாம், கூரை இருக்கிறதே. அதனால் வெளியே புள்ளி வைத்து, அங்கிருந்து டேப் பிடித்து உள்ளே அளந்தார்கள். டேப்பின் மறுமுனையைப் பூட்டுக்காரர் பிடித்துக்கொண்டு வந்தார். எட்டடி ஆனதும் நின்றார். அவர் கால் என் தையல் மேஜைக்கு உட்பக்கம் இருந்தது.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா" என்றார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றேன். அவர் டேப்பை விடவே இல்லை, அந்தப் பெண்தான் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் கடிதம் வந்தது.

படித்துவிட்டு அதைக் கிழிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அன்றைக்கு ஏறியிருந்தால் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்திருப்பாய். அப்பாவுக்கு அதற்கப்புறமும் ஒரு பகல் உயிர் இருந்தது. எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் இப்போது முன்னைவிட அதிகம். ஆனால் இந்தத் தடவை அது யார்மேல், எதற்கு என்று தெளிவாகத் தெரிகிறது. அதுவே பெரிய நிம்மதியாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி சுவரை இடிக்கிறார்கள். அதற்குள் பிரஸ்ஸை வெளியே எடுக்கவேண்டும், பூட்டுக்காரர் தன் முன்னறையில் பாதியை ஒழித்து வைத்திருக்கிறார். சாவியும் பசையும் ஒரே அறையில் எப்படி என்று கேட்டேன். "மூக்கைப் பொத்திக்கிறேன்" என்றார்.

அப்பா உன்னைக் கேட்டாரா என்று நீ இத்தனை கடிதத்திலும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டார். கடைசிப் பகலில் கண்ணைத் திறந்து, "அவன் எங்க?" என்றார். எனக்கு நீ எங்கே என்று தெரியாது. "வந்துக்கிட்டே இருக்கான்ப்பா" என்றேன். அதைக் கேட்டுத்தான் கண்ணை மூடினார். அது பொய்யாகிவிடக் கூடாது. கிளம்பி வா.

அக்கா